நுங்கம்பாக்கத்தில் "கண்டுபிடித்த" கிரகம்

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்கள் என்றாலே பலருக்கும் நாசாதான் ஞாபகம் வரும். ஆனால் அந்தத் தேடலின் முதல் பக்கங்களில் ஒன்று எழுதப்பட்டது நம் நுங்கம்பாக்கத்தில்.

இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வுக்கூடம் கட்டியது. (அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு.) 1850களில் அதற்குத் தலைவராக இருந்தவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். 70 ஒபியூக்கை என்ற இரட்டை நட்சத்திரம் அவரை விடாமல் தொந்தரவு செய்தது. ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 88 ஆண்டுகள் எடுக்கும் ஜோடி அது. கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை, சற்று விலகியே நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுக்கிறதோ? நெப்டியூன் 1846-ல் இப்படித்தானே அகப்பட்டது! அங்கே ஒரு கிரகம் இருப்பது மிகவும் சாத்தியம் என்று 1855-ல் லண்டன் ராயல் வானியல் கழக இதழில் ஜேக்கப் எழுதினார். உறுதி என்று எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1896-ல் அமெரிக்காவின் டி. ஜே. ஜே. சீ, அதே இடத்தில் ஒரு இருண்ட துணை இருப்பதாக அடித்துச் சொன்னார். அப்படி ஒன்று இருந்தால் அதன் பாதை நிலைக்காது என்று 1899-ல் மோல்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த விலகல் வெறும் அளவீட்டுப் பிழை என்பதே இன்றைய முடிவு.

ஜேக்கப்பின் வழியில் ஒரு சிக்கல். நட்சத்திரம் வானில் இடம் மாறுவதை அளக்கும் அந்த முறைக்குத் தூரத்தில், மெதுவாகச் சுற்றும் கிரகம்தான் தோது. அதற்குப் பல்லாண்டு அளவீடுகள் வேண்டும்; ஆண்டுக்கு ஆண்டு பிழையும் சேரும். பாறைக் கிரகங்கள் அகப்பட்டது நேர் எதிர்த் திசையில், நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு.

1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதை மக்களுக்கு விளக்கி நூல் எழுதியவர் அதே ஆய்வுக்கூடத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அதே போன்ற கடப்புதான் இங்கேயும் கைகொடுத்தது. கிரகம் குறுக்கே வரும்போது நட்சத்திர ஒளி துளி மங்கும். கிரகம் நெருக்கத்தில் இருந்தால் அடிக்கடி மங்கும், சீக்கிரம் பிடிபடும். 2009-ல் அறிவிக்கப்பட்ட கோரோ-7பி-க்கு ஒரு வருடம் சுமார் 20 மணி நேரம். 2013-ல் வந்த கெப்ளர்-78பி-க்கோ எட்டரை மணி நேரம்தான்! ஒரகடத்தில் ஒரு ஷிப்டும் அரைமணி ஓவர்டைமும் முடிந்தால் அங்கே ஒரு வருடம் போய்விடும்.

மங்கலைக் கொண்டு அளவு மட்டுமே தெரியும். அது பாறையா என்றறிய எடை வேண்டும். அதற்கு, ஜேக்கப் நம்பிய அதே இழுப்புக்குத்தான் திரும்பினார்கள். இம்முறை இடத்தை அளக்கவில்லை. நட்சத்திரம் நம்மை நோக்கி வந்து விலகும் வேகத்தை நிறமாலையில் அளந்தார்கள். கிடைத்தது வினாடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு, கிட்டத்தட்ட மனிதன் விறுவிறுவென்று நடக்கும் வேகம். கெப்ளர்-78பி-யின் அடர்த்தி பூமியை ஒத்திருந்தது.

70 ஒபியூக்கையில் இதுவரை எந்தக் கிரகமும் உறுதிப்படவில்லை.