அரண்மனை ரயில், தீப்பெட்டி ரயில்

திருச்சுழிக்குப் போனவர்கள் திருமேனிநாதர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். ரமண மகரிஷி பிறந்த வீட்டையும் பார்த்திருப்பீர்கள். ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்தீர்களா? அதை யார் வேலை மெனக்கெட்டுப் போய்ப் பார்க்கிறார்கள்! சீமைக்கருவேலங்காடு, சுள்ளென்ற வெயில், நடுவே கோடு கிழித்தாற்போல ஒரு தண்டவாளம். விருதுநகரில் கிளம்பி அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று மானாமதுரைக்குப் போகிற பாதை. 1963-64ல் மீட்டர்கேஜாகப் போட்டார்கள். பிறகு பிடுங்கிப்போட்டு, அகலப்பாதையாக்கி, 2013ல் மறுபடி திறந்தார்கள்.

எனக்கு அந்த மீட்டர்கேஜ் வண்டியைத்தான் தெரியும். எட்டு வயசில் அந்த வண்டியை நானே செய்திருக்கிறேன். காலித் தீப்பெட்டிகளைச் சேர்த்து, ஊசியால் ஓட்டை போட்டு, நூல் கோத்து, உள்ளே ஈர்க்குச்சித் துண்டில் முடிச்சு. முன்னால் ஒரு பெட்டியை நிமிர்த்தி வைத்தால் இன்ஜின். கூ... என்று கத்துவது நம் பொறுப்பு. விருதுநகர் ஜில்லாவில் பிறந்துவிட்டு தீப்பெட்டிக்குப் பஞ்சமா? நாற்பது பெட்டி வரை கோத்துத் திண்ணையில் ஓட்டி, தாத்தாவின் காலில் மாட்டி, அவர் விழப்போய்... சரி, அது வேண்டாம்.

ரயிலைச் சின்னதாகச் செய்து பார்க்கும் ஆசை ரயில் அளவுக்கே பழசு. 1830ல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓட ஆரம்பித்ததும், ஐரோப்பாவில் தகரத்திலும் ஈயத்திலும் பொம்மை ரயில்கள் வந்துவிட்டன. இவற்றுக்குத் தண்டவாளம் கிடையாது. தரையில் தள்ளிவிட வேண்டியதுதான். கொஞ்சம் காசு உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பித்தளையில் நிஜமான நீராவி இன்ஜின். அடியில் ஸ்பிரிட் விளக்கு, மேலே தண்ணீர். ஓடிய வழியெல்லாம் சொட்டு சொட்டாக ஒழுகும். இங்கிலாந்தில் அதற்கு 'ஒழுகல் வண்டி' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். கம்பளம் விரித்த வீட்டில் அம்மாக்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

இதை ஒரு பெரிய வியாபாரமாக மாற்றியது ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊரிலிருந்த மார்க்லின் கம்பெனி. நான் படித்தது பி.காம்., அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போவேன். மன்னிக்கவும்!

1859ல் ஆரம்பித்த கம்பெனி. முதலில் செய்தது ரயிலே இல்லை. பெண் குழந்தைகள் விளையாடும் சொப்புச் சாமான், பொம்மைச் சமையலறை. அந்த வியாபாரத்தில் அவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். இந்த வருஷம் பிறந்தநாளுக்கு அடுப்பு வாங்கிய வீட்டில் அடுத்த வருஷம் பானை வாங்குகிறார்கள், அதற்கடுத்த வருஷம் அலமாரி. ஒரு தடவை விற்றால் அந்த வாடிக்கையாளர் பத்து வருஷத்துக்கு நம் கையில்! இதையே பையன்களிடம் செய்தால் என்ன?

1891. லைப்ஸிக் நகரத்தின் வசந்தகாலச் சந்தை. சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை மார்க்லின் கொண்டுவந்து வைத்தது. சாவி ரயில் ஏற்கெனவே இருந்ததுதான். புதுசு என்னவென்றால், தண்டவாளத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். தண்டவாள அகலங்களுக்கு 1, 2, 3 என்று நம்பர் கொடுத்து அளவையும் நிர்ணயம் செய்தார்கள். இந்த வருஷம் ஒரு வட்டம், அடுத்த வருஷம் ஒரு கிளைப்பாதை, அப்புறம் ஸ்டேஷன், சிக்னல், பாலம்... முடிவே இல்லை. அந்த 1 நம்பர் அகலம் 45 மில்லிமீட்டர். இன்றைக்கும் தோட்டத்தில் ஓடவிடும் பெரிய மாடல் ரயில்களுக்கு அதே 45 மில்லிமீட்டர்தான்! சந்தையில் ஒரு பொம்மைக்காரர் போட்ட கோடு அப்படியே நிற்கிறது.

அமெரிக்காவில் கதை வேறு. 1900ல் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் என்ற இளைஞர், கடைக் கண்ணாடிக்குள் வைக்க மின்சாரத்தில் ஓடும் ஒரு சின்ன வண்டி செய்தார். சும்மா கூட்டம் சேர்க்கத்தான், உள்ளே சாமானை வைத்து ஓடவிட. கூட்டம் சேர்ந்தது. ஆனால் வந்தவர்கள் சாமானை விட்டுவிட்டு, "அந்த வண்டி என்ன விலை?" என்று கேட்டார்கள். அப்படிப் பிறந்தது லயனல் ரயில். இங்கிலாந்தில் மெக்கானோ கம்பெனி நடத்திய ஃபிராங்க் ஹார்ன்பி, முதல் உலகப்போர் முடிந்து ஜெர்மன் பொம்மை என்றாலே முகம் சுளித்த நேரம் பார்த்து, 1920ல் தன் பெயரில் ரயில் விட்டார். 1935ல் அதே லைப்ஸிக் சந்தையில் ட்ரிக்ஸ் கம்பெனி 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் மேஜைமேல் ஓடும் ரயிலைக் காட்டியது. நிஜத்தில் 87ல் ஒரு பங்கு அளவுள்ள 'ஹெச்.ஓ.' ரயில்கள் இந்தத் தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. உலகத்தில் இன்று அதிகம் விற்பது இதுதான். இந்த 87 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

நம் நாட்டில் முதலில் இந்தப் பைத்தியம் பிடித்தது யாருக்கு? வேறு யாருக்கு, மகாராஜாக்களுக்குத்தான்!

குவாலியர் ஜெய்விலாஸ் அரண்மனைக்குப் போனால் இப்போதும் பார்க்கலாம். நீளமான சாப்பாட்டு மேஜை, அதன்மேல் தண்டவாளம், அதில் வெள்ளி ரயில். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் ஆங்கில எழுத்து. சேர்த்துப் படித்தால் 'சிந்தியா'. மாதவராவ் சிந்தியா இங்கிலாந்தில் செய்து வரவழைத்தது. விருந்து முடிந்ததும் பிராந்தியும் சுருட்டும் இதில் ஏறி விருந்தாளிகள் முன்னால் ஊர்வலம் வரும். பாட்டிலை எடுத்தால் ரயில் நிற்கும், திரும்ப வைத்தால் கிளம்பும். ஒருமுறை வைஸ்ராய்க்கு விருந்து வைத்தபோது ஷார்ட் சர்க்யூட் ஆகி, ரயில் தறிகெட்டு ஓடி, விருந்தாளிகள் மேலெல்லாம் சாப்பாட்டை வாரியடித்தது என்றொரு கதை 1975ல் வந்த 'ஃப்ரீடம் அட் மிட்நைட்' புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகக்காரர்களுக்குக் கொஞ்சம் மசாலா தூவும் பழக்கம் உண்டு. ஆனாலும் நம்பத்தான் ஆசையாக இருக்கிறது.

மேஜையோடு ராஜாவின் ஆசை அடங்கவில்லை. நிஜமாகவே இரண்டடி அகலத்தில் சமஸ்தானம் முழுக்கப் பாதை போட்டார். குவாலியரிலிருந்து ஷியோப்பூர் வரை சுமார் 200 கிலோமீட்டர். ஜனங்கள் கூரைமேலெல்லாம் ஏறிப் பயணம் செய்த அந்தக் குட்டி ரயில் 2020ல் நின்றுபோனது. அங்கேயும் அகலப்பாதை வேலை. மேஜையில் ஓடிய பொம்மை பத்திரமாக இருக்கிறது. ஊர் ஊராக ஜனங்களை ஏற்றிப்போன ரயில் காணாமல்போய்விட்டது.

இதுதான் ரயில் சேகரிப்பில் என்னை உறுத்துகிற விஷயம். எது மிஞ்சுகிறது, எது தொலைகிறது என்பதற்கு நியாயம் எதுவும் கிடையாது. லயனலையே பாருங்கள். 1957ல் பெண் குழந்தைகளையும் வளைத்துப்போடலாம் என்று இளஞ்சிவப்பு இன்ஜின், வெளிர்நீலப் பெட்டி என்று ஒரு செட் போட்டார்கள். ஈ ஓட்டியது. 'எங்களுக்கும் அண்ணனுக்கு வாங்கின மாதிரி நிஜ ரயில்தான் வேணும்' என்றிருக்கிறார்கள் பெண்கள். பின்னே? விற்காததைக் கடைக்காரர்கள் கறுப்பு பெயின்ட் அடித்துத் தள்ளினார்களாம். இன்றைக்கு அந்த இளஞ்சிவப்பு ரயில் அசல் அட்டைப்பெட்டியோடு கிடைத்தால் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். போலிகூட வந்துவிட்டது! விற்காத சரக்குக்குத்தான் பின்னால் விலை.

சேகரிப்பவர்களிலும் இரண்டு ஜாதி. ஒருவர் பெட்டியையே பிரிக்கமாட்டார். இன்னொருவர் பிரித்து, ஓடவிட்டு, ஊரே கட்டிவிடுவார். பாடகர் ராட் ஸ்டீவர்ட் இரண்டாவது ரகம். கச்சேரிக்குப் போகிற ஊரிலெல்லாம் ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து, குட்டிக் கட்டடங்கள் செய்வாராம். இருபது வருஷத்துக்கும் மேல் உழைத்து ஓர் அமெரிக்க நகரத்தையே கட்டி 2019ல் உலகத்துக்குக் காட்டினார். நம் புனேயில் பாவ்சாகேப் ஜோஷி இரண்டாவது ரகத்திலும் ஒரு படி மேல். சொந்த ஆசைக்குச் செய்த மாடல் ரயில் நகரத்தை, கோத்ரூட் பகுதியில் 1998ல் மியூசியமாகவே திறந்துவிட்டார். விளக்கை அணைத்தால் குட்டி ஊரில் ராத்திரியாகிறது, சிக்னல் மாறுகிறது, ரயில் கிளம்புகிறது. சென்னைக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002ல் திறந்த ரயில் மியூசியத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம்.

சரி, நம் மீட்டர்கேஜுக்கு வருவோம். செலவு குறையட்டும் என்று 1870ல் மேயோ பிரபு காலத்தில் எடுத்த முடிவு மீட்டர்கேஜ். தென் தமிழ்நாடு பெரும்பாலும் இதில்தான் ஓடியது. 1992ல் 'எல்லாம் ஒரே அகலம்' என்று திட்டம் வந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டது. தப்பில்லை, ஊருக்கு நேரடியாக எக்ஸ்பிரஸ் வரவேண்டாமா? ஆனால் அந்தப் பெட்டிகள், மரச் சீட்டுகள், அட்டை டிக்கெட், கையால் இழுக்கும் சிக்னல் எல்லாம் பழைய இரும்புக் கணக்கில் போய்விட்டன.

மாடல் செய்து வைக்கலாமே என்கிறீர்களா? இங்கே ஒரு வேடிக்கை. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19 சொச்சம். கடையில் கிடைக்கும் 16.5ல் அது உட்காராது, கொஞ்சம் பொய் சொல்லித்தான் ஓட்ட வேண்டும். மீட்டர்கேஜுக்கு அந்தத் தொல்லை கிடையாது. 1,000ஐ 87ஆல் வகுத்தால் பதினொன்றரை. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களும் மீட்டர்கேஜ் என்பதால், அவற்றுக்காகவே 12 மில்லிமீட்டர் மாடல் தண்டவாளம் ஐரோப்பாவில் விற்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைக்குச் செய்தது திருச்சுழிக்குக் கச்சிதம்! விருதுநகரிலிருந்து மானாமதுரை வரை சுமார் 66 கிலோமீட்டரையும் போட முக்கால் கிலோமீட்டர் தண்டவாளம் போதும்.

கணக்கு போட ஆரம்பித்தால் எனக்கு நிற்காது. பழைய மீட்டர்கேஜ் பெட்டியின் அகலம் சுமார் இரண்டே முக்கால் மீட்டர், நீளம் சுமார் பத்தொன்பதரை மீட்டர். 87ஆல் வகுத்தால் அகலம் மூன்று சென்டிமீட்டரும் கொஞ்சமும், நீளம் இருபத்திரண்டு சொச்சம். எங்கேயோ பார்த்த அளவாக இருக்கிறதே என்று அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்து ஸ்கேல் வைத்தேன். அகலம் மூன்றரை. அட!

நான் ஓட்டிய தீப்பெட்டி ரயில் யாரும் சொல்லித் தராமலே ஏறத்தாழ ஹெச்.ஓ. அளவு. நீளம்தான் தப்பு. ஒரு ரயில் பெட்டிக்கு நாலரைத் தீப்பெட்டி வைக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நான் திண்ணையில் ரயில் ஓட்டிய அந்த நாட்களில், விடியும் முன்னே கம்பெனி வேன் வந்து என் வயசுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்று 1986ல் சட்டம் வந்தது. வந்த மறுநாளே வேன் நின்றுவிடவில்லை. அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டியது அவர்கள் கை. அதை எண்ணி எண்ணிக் கூலி. எனக்கு நாற்பது பெட்டி ஒரு ரயில். அவர்களுக்கு அது காலை டீக்கு முன்னால் முடிக்கிற கணக்கு.

பசை காய்ந்த மேல்பெட்டியில் ஒரு சின்ன விரல் ரேகை பதிந்திருக்கும். அப்போதெல்லாம் அதைப் பார்த்தால், 'ஜன்னலில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்' என்று வைத்துக்கொள்வேன்.