சட்ட வாசகத்தின் சிறு திருத்தங்கள்: சொல்லளவும் செயல்விளைவும்

மாநிலச் சட்டங்களின் வாசகத்தில் சிறு திருத்தங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் தேவைப்படுகின்றன. சட்டம் சுட்டும் ஊரின் அல்லது பதவியின் பெயர் மாறுகிறது. வேறொரு திருத்தத்தால் பிரிவெண்கள் நகர்கின்றன. வரைவிலேயே ஒரு சொல் விடுபட்டுப்போகிறது. அரசிதழில் அச்சேறும்போது நேர்ந்த பிழைக்குப் பிழைதிருத்த அறிவிக்கை போதும். சட்டமன்றம் நிறைவேற்றி ஒப்புதல் பெற்ற வாசகத்திலேயே பிழை இருந்தால், அதைத் திருத்தும் அதிகாரம் சட்டத்தின் வழியாகவே வர வேண்டும். இத்தகைய திருத்தங்கள் சட்டத்தை மாற்றுவதில்லை, இருப்பதைச் செம்மை செய்கின்றன என்பது பொதுக் கருத்து. அது பாதி உண்மையே.

பெயர் மாற்றம் இவற்றுள் எளிதானதாகத் தோன்றும். மெட்ராஸ் மாநிலத்தின் பெயரை மாற்றிய 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, 1969-ஆம் ஆண்டின் தழுவமைவு ஆணை 14-1-1969 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டங்களின் பதிப்புகளில் இன்றும் முதற்பக்க அடிக்குறிப்பாக நிற்பது இந்த ஆணைதான். ஆனால் 'மெட்ராஸ்' என்பது மாநிலத்துக்கும் நகருக்கும் பொதுவான பெயராக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தால் நகரச் சட்டங்கள் மாநிலம் முழுமைக்கும் உரியவைபோல் தோன்றியிருக்கும். 1859-ஆம் ஆண்டின் மெட்ராஸ் மாவட்டக் காவல் சட்டம் தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டமாயிற்று. 1888-ஆம் ஆண்டின் மெட்ராஸ் நகரக் காவல் சட்டமோ, நகரின் பெயரை மாற்றிய 1996-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே சென்னை நகரக் காவல் சட்டமாயிற்று. பெயரை மாற்றுவதற்கும் அந்தச் சொல் அந்த இடத்தில் எதைக் குறிக்கிறது என்ற முடிவு தேவைப்பட்டது.

பயன் முடிந்த சட்டங்களைக் களைந்து சிறு பிழைகளைத் திருத்தும் நீக்கல், திருத்தல் சட்டங்களின் இயல்பு வேறு. ஒரு திருத்தச் சட்டம் மூலச் சட்டத்துக்குள் தன் சொற்களைச் சேர்த்ததுமே அதன் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு அது வெறும் கூடு. அதை நீக்கினாலும் சேர்ந்த சொற்கள் நீங்கா என்பதைப் பொது விதிகள் சட்டம், 1897-இன் 6அ பிரிவு உறுதி செய்கிறது. ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுப்பின் 1960-ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெறும் ஜேத்தானந்த் பேதாப் வழக்கில் இது சோதனைக்கு வந்தது. கம்பியில்லாத் தந்திச் சட்டத்தில் 1949-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு தண்டனை உட்பிரிவைச் சேர்த்தது. அத்திருத்தச் சட்டம் 1952-இல் நீக்கப்பட்டது. உட்பிரிவும் போய்விட்டது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்த வகையில் பொதுக் கருத்து முழுமையாகச் செல்லும்.

பிரிவெண் பிழையில்தான் அது உடைகிறது. இதற்குத் தெளிவான சான்று ஒரு மத்தியச் சட்டத்தில் கிடைக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 27அ பிரிவு, சட்டவிரோதப் போதைப்பொருள் நடவடிக்கைகளுக்கு நிதி தருவோருக்கு 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. எந்த நடவடிக்கைகள் என்பதை அது தானே சொல்லாமல், 2-ஆம் பிரிவின் (8அ) கூறிலுள்ள ஐந்து உட்கூறுகளைச் சுட்டிற்று. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் (8அ) என்ற இடத்தில் இன்றியமையாப் போதை மருந்துகளின் வரையறையை வைத்து, பழைய (8அ)-ஐ (8ஆ) ஆக்கியது. 27அ பிரிவை யாரும் தொடவில்லை. புதிய (8அ)-இல் உட்கூறுகளே இல்லை. ஆகவே தண்டனைப் பிரிவு வெற்றிடத்தைச் சுட்டி நின்றது. 2021-இல் திரிபுரா உயர் நீதிமன்றம் திருத்த நடவடிக்கை எடுக்கப் பணித்த பின், அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று, 27அ பிரிவில் (8அ) என்பதை (8ஆ) ஆக்கும் அவசரச் சட்டம் வந்தது. திருத்தமோ 1-5-2014 முதலே செல்லும் எனப்பட்டது.

மாறியது ஓர் எழுத்து. ஆனால் செய்தபோது குற்றமல்லாத செயலுக்குத் தண்டனை கூடாது என்னும் அரசமைப்பின் 20(1) உறுப்பை அது நேராகத் தொடுகிறது. நாடாளுமன்றத்தின் எண்ணம் எப்போதும் தெளிவாகவே இருந்தது என்ற விளக்கத்தில் பொருளில்லாமல் இல்லை. எனினும் குடிமகன் படிப்பது அச்சிட்ட வாசகத்தை, எண்ணத்தை அல்ல. எனவே திருத்தம் சிறிதா என்பதைச் சொற்களின் எண்ணிக்கையால் அளக்க முடியாது. உரிமை, வரி, தண்டனை ஆகியவற்றில் ஒன்று அசைகிறதா என்பதே அளவுகோல். 20(1) உறுப்பின் தடை மாநிலச் சட்டமன்றங்களுக்கும் அவ்வாறே பொருந்தும். இம்மூன்றில் ஒன்று அசையுமானால் அந்தத் திருத்தம் நீண்ட அட்டவணையின் ஒரு வரியாக ஒளிந்திராமல், தனிப் பிரிவாக, தனி விவாதத்துக்கு உட்பட வேண்டும். தண்டனையாயின் முன்தேதியிடவும் கூடாது.

2014-ஆம் ஆண்டுப் பிழைக்கு வேர், வரையறைகளை ஆங்கில அகர வரிசையில் நிறுத்தும் வரைவாளர் வழக்கம் போலும். வரிசையைப் பாராமல் புதிய கூறுக்கே (8ஆ) என எண்ணிட்டிருந்தால், அவசரச் சட்டத்துக்கு வேலையே இருந்திராது.