சிறுநீரக மாற்றம்: உடலின் மறுப்பும் மருத்துவத்தின் விடையும்

ஃபிக்ஹு வகுப்பில் ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவர் எழுப்பும் வினா ஒன்றுண்டு: உயிரோடிருப்பவர் தம் சிறுநீரகங்களுள் ஒன்றைப் பிறருக்கு வழங்கலாமா? ஆகும், ஆகாது என்று தீர்ப்பை மட்டும் கூறிவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்வது எளிது. ஆனால் அத்தீர்ப்பு எந்த மருத்துவ உண்மையின் மீது நிற்கிறது என்பதை அறியாதவருக்கு அதன் நிபந்தனைகள் விளங்கமாட்டா. ஆதலால் நான் வரலாற்றிலிருந்தே தொடங்குவது வழக்கம்.

இதில் அறுவைதான் கடினமானது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது முதலிலேயே கைவந்துவிட்டது. 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்திக்குத்துக்கு ஆளாகி, அறுபட்ட இரத்தக் குழாயைத் தைக்க வழியின்றி இறந்தார். அதனால் உந்தப்பெற்ற அலெக்சிஸ் காரல், பூத்தையலில் வல்ல பெண்மணி ஒருவரிடம் ஊசி வேலை பயின்று, குழாய்களை இணைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதே நாயின் உடலில் வேறிடத்தில் பொருத்தினால் அது இயங்கியது; வேறொரு நாயினுடையதைப் பொருத்தினால் சில நாள்களில் அழிந்தது. தையலில் குறையில்லை, அன்னிய உறுப்பை உடல் ஏற்கவில்லை.

இம்மறுப்பின் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1933இல் உக்ரைனின் கெர்சோன் நகரில் யூரி வோரனோய் என்பார் இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை நோயாளியின் தொடையில் பொருத்தினார். இருவரின் இரத்த வகையும் பொருந்தவில்லை. நோயாளி இரண்டே நாள்களில் இறந்தார். இரண்டாம் உலகப் போரில் தீக்காயமுற்றோரை ஆராய்ந்த பீட்டர் மெடாவர்தான் திரையை விலக்கினார். ஒருவரின் தோலை மற்றொருவருக்கு இரண்டாம் முறை ஒட்டும்போது, அது முன்னிலும் விரைவாக உதிர்வதை அவர் கண்டார். முதல் சந்திப்பை உடல் நினைவில் வைத்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

1952ஆம் ஆண்டு டிசம்பரில் பாரிஸ் நகரில் பதினாறு வயதுத் தச்சுத் தொழிலாளி ஒருவன் சாரத்திலிருந்து விழுந்தான். சிதைந்த சிறுநீரகத்தை அகற்றிய பின்னரே, அவனுக்குப் பிறவியில் இருந்ததே அந்த ஒன்றுதான் எனத் தெரியவந்தது. தன்னுடையதை எடுத்துக்கொள்ளுமாறு தாய் மன்றாடினார். ழான் அம்பர்கேயின் குழுவினர் நெக்கேர் மருத்துவமனையில் அதைப் பொருத்தினர். மூன்று வாரம் அது செம்மையாக இயங்கியது. இருபத்திரண்டாம் நாள் நின்றது. சிறுவனும் சில நாள்களில் இறந்தான். தாய்க்கும் மகனுக்கும் இடையிலும் உடல் அன்னியம் பார்த்தது.

வெற்றி ஈராண்டில் வந்தது. ஆனால் அது இம்மறுப்பைச் சுற்றிக்கொண்டு வந்த வெற்றி. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மரே, இருபத்து மூன்று வயதான ரொனால்டு ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவரது ஒத்த இரட்டையரான ரிச்சர்டுக்கு மாற்றினார். முன்னதாகத் தோலை ஒட்டிப் பார்த்து, இருவரும் ஒத்தவர்தாம் என உறுதிசெய்துகொண்டனர். ரிச்சர்டு மேலும் எட்டாண்டு வாழ்ந்தார். ஈந்த ரொனால்டு 2010 வரை வாழ்ந்தார். என் மாணவர்க்கு நான் அழுத்திச் சொல்வது வேறொன்று: தமக்கு எப்பயனும் இல்லாத அறுவைக்கு நலமான ஒருவரை உட்படுத்துவது முறையா என்று அம்மருத்துவர்கள் பல சமயத் தலைவர்களையும் சட்டம் அறிந்தோரையும் கலந்தனர். நம் ஃபுகஹாக்கள் பின்னர் எழுப்பியதும் இதே வினாதான்.

ஒத்த இரட்டையர் எத்தனை பேருக்கு வாய்ப்பர்? மற்றையோர்க்காக முதலில் உடல் முழுதும் கதிர்வீச்சைச் செலுத்தினர். பெரும்பாலோர் தொற்றுநோயால் மாண்டனர். 1960களில் அசத்தியோப்ரின் மருந்தும் ஸ்டீராய்டும் இணைந்து ஓரளவு நம்பிக்கை தந்தன. பெறுபவரின் இரத்தத்தில் ஈபவருக்கு எதிரான பொருள்கள் உள்ளனவா என முன்கூட்டியே சோதிப்பதன் இன்றியமையாமையை 1969இல் படேல், தெரசாகி இருவரும் நிறுவினர். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பெற்ற சைக்ளோஸ்போரின், 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபின் நிலைமை பெரிதும் மாறிற்று. சிறுநீரகத்தைக் காக்க வந்த அம்மருந்தே அளவு மிகின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இத்துறையின் ஓயாத சிக்கல். நம் பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1971இலேயே இச்சிகிச்சையில் வெற்றி கண்டிருந்தது.

இனி ஃபத்வாக்களின் காலத்தை நோக்குக. பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்ற பேரறிஞர்கள் இதனைத் தடுத்தனர். மனித உடல் இறைவனின் அமானிதம், அதன் கண்ணியம் மீறப்படலாகாது என்னும் அவர்தம் வாதம் மருத்துவத்தின் வெற்றி தோல்வியைச் சார்ந்ததன்று. அதை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் அன்று ஈபவருக்கு நேரும் துன்பம் திண்ணம். பெறுபவருக்குக் கிட்டும் பயனோ ஐயம். தீங்கு ஒன்றை நீக்க அதற்கொத்த தீங்கைச் செய்யலாகாது எனும் விதி அந்நிலையில் தடையின் பக்கமே சாயும். சவூதி மூத்த அறிஞர் அவை ஹிஜ்ரி 1402இலும் (கி.பி. 1982), ஜித்தாவின் அனைத்துலக ஃபிக்ஹு மன்றம் 1988இலும், இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1989இலும் நிபந்தனைகளுடன் இசைந்தபோது தராசின் தட்டு மாறியிருந்தது. இவ்விரு காலத்துத் தீர்ப்புகளையும் ஆண்டைக் குறிக்காமல் எதிரெதிரே நிறுத்தி வழக்காடுவது முறையன்று என்பது என் கருத்து.

இசைந்தோரும் உறுப்பு விற்பனைக்கு இசையவில்லை. இந்தியச் சட்டமும் 1994இல் அதனைக் குற்றமாக்கியது. ஆனால் வறியவரின் கடன் அச்சட்டத்தைப் பலமுறை மீறவைத்துள்ளது. ஈபவர்க்குத் தீங்கு வரலாகாது என்னும் நிபந்தனையை நடத்தும்போது, மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது அவரது இரத்த வகையை அன்று. அவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதை.