கம்பம் பள்ளத்தாக்கும் மருந்து தானமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சாரலில், ஒருபுறம் ஏலமலைத் தொடரும் மறுபுறம் வருசநாட்டு, மேகமலைத் தொடர்களும் அரண்போல் நிற்க, அவற்றிடையே நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. முல்லையாறும் சுருளியாறும் பாயும் இந்நிலம் பண்டு பாண்டி நாட்டின் மேலை எல்லை. மதுரையிலிருந்து சேர நாடு செல்வோர் கடந்த வழி. 1895இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து இப்பக்கம் திருப்பப்பட்டபின் நெல்லும் வாழையும் செழித்தன. 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த தேனி மாவட்டத்தில் இன்று இப்பகுதி அடங்கும்.

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரிதும் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களிலேயே வாழ்கின்றன. ஆதலின் தென்மேற்கு மூலையிலுள்ள இப்பள்ளத்தாக்கை நம் வரலாற்றோடு இணைத்து எண்ணுவோர் சிலரே. ஆயினும் உத்தமபாளையத்தில், கருப்பண்ணசாமி கோயிலை அடுத்த பாறையில், தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாக விளங்குகின்றன. பாம்புப் படம் குடைபோல் கவிந்த பார்சுவநாதரை எவரும் எளிதில் அடையாளம் காணலாம். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த இவற்றின் அடியில் வட்டெழுத்துப் பொறிப்புகள் உள்ளன. அவற்றில் அச்சணந்தி, அரிட்டநேமிப் பெரியார் முதலிய துறவியர் பெயர்கள் வருகின்றன. மதுரையை அடுத்த ஆனைமலை, அழகர்மலை, பழனியை அடுத்த ஐவர்மலை, வடக்கே வள்ளிமலை ஆகிய இடங்களில் காணப்படும் அதே அச்சணந்தியின் பெயர் இங்கும் பொறிக்கப்பட்டிருப்பது, இப்பள்ளத்தாக்கு தனித்து ஒதுங்கியதன்று, தமிழகம் முழுவதும் பரவிய ஓர் அறநெறியின் பகுதி என்பதற்குச் சான்று.

துறவியர் தங்கிய இடம் பள்ளி எனப்பட்டது. அப்பள்ளிகளைச் சூழ வாழ்ந்த இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட தானங்கள் நான்கு: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என இவற்றைத் தமிழில் கூறலாம். இவற்றுள் மருந்து தானம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பற்றற்ற துறவி எப்பொருளையும் சேர்த்து வைப்பதில்லை. தமக்கென உணவும் சமைப்பதில்லை. எனவே நோயுற்ற துறவிக்கும், நோயோடு வாயிலில் வந்து நிற்கும் வறியவர்க்கும் உரிய மருந்து இல்லறத்தார் வீட்டிலேயே இருந்தாக வேண்டும். இந்த அறம், சிராவகரின் அடுக்களையையே ஒரு சிறு மருந்துச்சாலையாக்கியது.

மருந்தும் அறமும் இவ்வாறு பிணைந்திருந்தமைக்கு நம் இலக்கியமே சான்று பகர்கிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. அவற்றுள் திரிகடுகம் வைணவரான நல்லாதனார் இயற்றியது. ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் சமணப் புலவர் படைப்புகள். ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும், சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும் மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரிடம் ஒருங்கு பயின்றவர் என்பது மரபு.

ஏலாதி என்னும் மருந்தில் ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு பங்கு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு பங்கு என்று சரக்குகள் ஏறுமுகமாகச் சேரும். அம்மருந்து போல, பாட்டுக்கு ஆறு கருத்துகள் வைத்து உள்ளத்தின் நோய் நீக்க முனைகிறது நூல். ஏலமும் மிளகும் கம்பம் பள்ளத்தாக்கை அடுத்த மலைகளின் விளைபொருள்கள். அம்மலை ஏலத்திற்குப் போடிநாயக்கனூர் இன்றும் பெருஞ்சந்தை.

சிறுபஞ்சமூலமோ மலையிலிருந்து வயலுக்கு இறங்கி வருகிறது. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்களே அம்மருந்து. கண்டங்கத்திரியும் நெருஞ்சியும் உழவன் காலில் முள்ளாய்த் தைப்பவை. காலில் தைப்பதையே கைமருந்தாகக் கண்ட மக்களிடையே அந்நூற்பெயர் பொருள் விளங்கி நின்றது. ஏட்டுப் புலமை மட்டும் உடையவர் சூட்டிய பெயரன்று அது. வரப்பில் நடந்தவர்க்கு உரைத்த பெயர்.

பள்ளத்தாக்கின் உழவர் வாழ்விலும் இத்தகைய கைமருந்துகள் அன்றாடம் வழங்கி வந்துள்ளன. விடியலில் நீராகாரம், மழைக்கால நடவு முடித்துத் திரும்பினால் சுக்கும் கொத்தமல்லியும் தட்டிக் காய்ச்சிய நீர், தலைப்பாரத்திற்கு நொச்சி இலை வேது, இருமலுக்குத் தூதுவளையும் ஆடாதோடையும், சொறி சிரங்கிற்குக் குப்பைமேனியும் மஞ்சளும், கதிர் அறுக்கையில் அரிவாள் பட்ட சிறு கீறலுக்கு வெட்டுக்காயப் பூண்டின் சாறு, குழந்தையின் சளிக்குச் சின்னமனூர்க் கொடிக்கால் வெற்றிலை. இவையெல்லாம் தமிழகமெங்கும் உள்ளவையே. இவற்றைச் சமணர் மட்டுமே அளித்தனர் என்பது மிகை. ஆனால் மருந்தை விலைப்பொருளாக்காமல் தானமாகப் போற்றிய நெறி அவர்களுடையது. அக்கம்பக்கத்தார்க்குக் கைமருந்து கொடுத்துக் காசு வாங்க மறுக்கும் கிராமத்து மூதாட்டியின் உள்ளம் அந்நெறியோடு ஒத்தது.

சமணர் செய்த மற்றொரு தொண்டு, மூலிகைகளின் பெயர்களைக் காத்தமை. ஒரு செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். ஏட்டில் வேறு பெயர் இருக்கும். பெயர் மாறினால் மருந்தும் மாறிவிடும். சமணரான மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பன்னிரு தொகுதிகளுள் ஒன்று மரப்பெயர்த் தொகுதி. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்த காலத்தில், மருத்துவன் மகனும் உழவன் மகனும் செடிகொடிகளின் பெயர்களை ஒருங்கே கற்றனர்.

சமண மருத்துவத்திற்கெனத் தனி வரம்பும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் உக்கிராதித்தியர் வடமொழியில் இயற்றிய கல்யாணகாரகம், ஊனும் கள்ளும் தேனும் நீக்கி மருத்துவம் கூறுகிறது. பிறர் தேனில் குழைத்துண்ணும் திப்பிலிப் பொடியை நம் இல்லங்களில் வெல்லத்திலோ நெய்யிலோ குழைப்பதும், பச்சை இஞ்சியை விலக்கும் வீட்டிலும் உலர்ந்த சுக்குக்கு இடமிருப்பதும் இவ்வரம்பின் வழிவந்தவை. தன் நோய் தீரப் பிறிதோர் உயிர் வருந்தலாகாது என்பதே இதன் உட்பொருள்.

வாயில்லா உயிர்க்கும் இவ்வருள் உரியது. பசுவின் மடிவீக்கத்திற்குச் சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தேசியப் பால்வள வாரியமும் இன்று உழவர்க்குப் பரிந்துரைக்கின்றன.

கைமருந்துக்கு எல்லையும் உண்டு. பாம்புக்கடிக்கும் மஞ்சட்காமாலைக்கும் நீங்காத காய்ச்சலுக்கும் காலந்தாழ்த்தாது மருத்துவமனையை நாடுவதே உயிரோம்பல். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதே அங்கு முதல் மருந்து. நோயின் காரணத்தை ஆராய்தல் மருத்துவன் கடமை. இரவுணவு நீக்கி, நோன்பிருந்து வாழும் நெறி அதனோடு முற்றும் இயைந்தது.

உத்தமபாளையத்துப் பாறையைக் காத்தவர், அருகிருந்து கருப்பண்ணசாமியை வழிபட்ட மக்கள். மூலிகைகளைக் காத்தவர், நூற்பெயர் அறியாத உழவர். பெயர் மறைந்தும் பயன் நிற்பது பெருமைக்குரியதே. ஆனால் இன்று அந்தப் பயனும் நழுவுகிறது. களைக்கொல்லி தெளித்த வரப்பில் நெருஞ்சியும் இல்லை, குப்பைமேனியும் இல்லை. அவற்றோடு எண்ணற்ற சிற்றுயிர்களும் மடிகின்றன. நிலத்தை விட்டு நகரம் சேர்ந்த பிள்ளைகளுக்கு அச்செடிகளின் பெயரும் தெரிவதில்லை.

கல்லில் பொறித்த பெயர் ஆயிரம் ஆண்டு நிற்கும். பாட்டியின் நினைவில் உள்ளது அவரோடு மறையும். ஒவ்வோர் இல்லத்திலும் மூத்தோர் அறிந்த மூலிகையின் பெயர், பயன்படும் உறுப்பு, அளவு, சேர்க்கும் பொருள், விலக்க வேண்டியது ஆகிய ஐந்தையும் ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். ஜினாலயத்து நந்தவனத்தில் ஆடாதோடைக்கும் தூதுவளைக்கும் நொச்சிக்கும் ஒரு பாத்தி ஒதுக்குதல் வேண்டும். மருந்து தானம் செய்வார்க்கு முதலில் வேண்டுவது மருந்தறிவு.