எண்பத்தைந்து நாள்

பிட்ஸ்பர்க்கில் ஆன்சைட் இருந்த இரண்டு வருடமும், வாரக்கடைசியில் மளிகை வாங்க ஒரு பாலத்தைத் தாண்டிப் போவேன். மோனங்கஹேலா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹோம்ஸ்டெட், பழைய இரும்பாலை ஊர். பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஜிபிஎஸ் குரல் 'ஹோம்ஸ்டெட் கிரேஸ் பாலம்' என்று சொல்லும். கிரேஸ் யாரோ ஒரு அம்மையார், கவுன்சிலராக இருந்திருப்பார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அது ஒரு பேஸ்பால் அணியின் பெயர். கறுப்பர்களின் அணி. இது எனக்குத் தெரியவந்தது ஊர் திரும்பி ரொம்ப நாள் கழித்து, 2024 மே மாதம். அமெரிக்க மேஜர் லீக், தன் சாதனைப் பட்டியலைத் திருத்தியதாகச் செய்தி வந்தது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப்பின் .367தான் கிட்டத்தட்ட நூறு வருடமாக உச்சியில் இருந்தது. அதன் மேல் இப்போது .372. பெயர் ஜோஷ் கிப்சன். ஹோம்ஸ்டெட் கிரேஸின் கேட்சர்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: பிராட்மேனின் 99.94க்கு மேலே ஒருவர் இருந்தார், அவரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்று திடீரென அறிவித்தால் எப்படி இருக்கும்?

சேர்க்காததற்குக் காரணம் நிறம்தான். கறுப்பர்கள் ஆடக்கூடாது என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதவில்லை. எழுதாமலேயே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மேஜர் லீகில் அது நடந்தது. 1920இல் ரூப் ஃபாஸ்டர் என்ற முன்னாள் பிட்சர், கான்சஸ் சிட்டியில் அணி உரிமையாளர்களைக் கூட்டி நீக்ரோ நேஷனல் லீகைத் தொடங்கினார். அப்புறம் வேறு லீகுகளும் வந்தன. 1969இல் எவையெல்லாம் 'மேஜர்' என்று முடிவு செய்ய ஒரு குழு உட்கார்ந்தது. ஆறு லீகுகளுக்கு அந்தத் தகுதியைக் கொடுத்தது. கறுப்பர்களின் லீக் ஒன்றுகூட அதில் இல்லை. அந்தத் தவறை ஒப்புக்கொள்ள 2020 டிசம்பர் ஆனது.

நான் பிழைப்புக்கு டேட்டாபேஸ் மேய்ப்பவன். வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது: 'நல்' வேறு, பூஜ்யம் வேறு. பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. நல் என்றால் யாரும் எண்ணவில்லை. கிப்சன் இருந்த இடத்தில் இருந்தது நல். எல்லாரும் அதைப் பூஜ்யமாக வாசித்தார்கள்.

அந்தக் கட்டத்தை நிரப்பியவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்கள். பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் மாதிரியான கறுப்பர் வாரப் பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம் சுருள்களை வருடக்கணக்கில் உருட்டி, ஆட்டத்துக்கு ஆட்டம் ஸ்கோரைப் பொறுக்கி எடுத்தார்கள். இன்னும் முழுசா முடியவில்லை. 1920 முதல் 1948 வரையான பதிவுகளில் ஏறக்குறைய 75 சதவீதம்தான் கிடைத்திருக்கிறது என்று மேஜர் லீகே சொல்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஹால் ஆஃப் ஃபேமில் கிப்சனின் பட்டயம் கிட்டத்தட்ட 800 ஹோம் ரன் என்கிறது. புதிய பட்டியலில் 200கூட இல்லை. ஏன்னா லீக் ஆட்டங்கள் மட்டும்தான் அதில் சேரும். கறுப்பர் அணிகளோ லீக் ஆட்டங்களை மட்டும் நம்பி வயிறு வளர்க்க முடியாது. பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், ஆலை அணி, உள்ளூர் அணி என்று கிடைத்தவர்களோடு ஆடினார்கள். 800ஐ முதலில் படித்தபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. பார்த்தவர்கள் தலையில் வைத்திருந்த கணக்கு அது. வேறு எங்கே வைப்பார்கள்?

1930களில் பிட்ஸ்பர்க் க்ராஃபோர்ட்ஸ் அணியில் கிப்சனோடு சாட்செல் பேஜ் இருந்தார். பிட்சர், வாய்ச்சவடால்காரர். தன் அணி ஃபீல்டர்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பந்து வீசுவார் என்பார்கள். 1948இல் க்ளீவ்லாந்து அவரை எடுத்தபோது வயது 42. அந்த வயதில் அறிமுக வீரர்! அந்த வருடமே அணி வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது. 1965இல், 59 வயதில், கான்சஸ் சிட்டிக்காக ஒரு நாள் மட்டும் மறுபடி இறங்கினார். வேடிக்கைக்காக அவருக்கு மைதானத்தில் சாய்ந்தாடும் நாற்காலி போட்டிருந்தார்கள். எழுந்து போய் மூன்று இன்னிங்ஸ் வீசினார். ஒரே ஒரு ஹிட், ரன் இல்லை. அந்த நாற்காலிப் புகைப்படத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

கிப்சனுக்கு அப்படி ஒரு நாள்கூட வாய்க்கவில்லை. 1943 தொடக்கத்தில் நினைவிழந்து விழுந்தார். மூளையில் கட்டி என்றார்கள். அதே வருடம் அவர் சராசரி .466, ஒரு சீசனில் அதைவிட அதிகம் இன்றுவரை பட்டியலில் இல்லை. 1947 ஜனவரி 20 அன்று இறந்தார். 35 வயது. ஜாக்கி ராபின்சன் ப்ரூக்ளின் சட்டையோடு மேஜர் லீக் மைதானத்தில் இறங்கியது ஏப்ரல் 15. இடையில் 85 நாள்.

பிட்ஸ்பர்க்கின் அலெகெனி கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். 1975 வரை அவர் குழிமேல் பெயர் பொறித்த கல் கிடையாது. அந்தத் தோட்டம் லாரன்ஸ்வில்லில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் காபி குடிக்க நாங்கள் போகும் ஏரியா. பார்க்கிங் கிடைக்காத நாட்களில், கல்லறை மதில் ஓரமாகத்தான் காரை நிறுத்துவேன்.