47 பி எங்கே போச்சு?

இன்னைக்குக் கதை ஒரு போன் காலில் இருந்து தொடங்குது.

போன வருஷம் ஒரு ராத்திரி, வெள்ளமடம் தாண்டி தோவாளைக்குப் போற வழியில என் நண்பனோட பைக் சறுக்கி விழுந்தது. பின்னாடி இன்னொரு பைக்ல வந்த நான் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். "எந்த ஹைவே சார்?" "திருநெல்வேலி ரோடு." "திருநெல்வேலியில எங்க?" "திருநெல்வேலி இல்லைங்க, நாகர்கோவில் பக்கம்." "நேஷனல் ஹைவே நம்பர் தெரியுமா?" அப்பா சொல்லிக் கேட்ட நம்பர் வாயில வந்துச்சு: "47 பி." அப்படி ஒரு சாலை அவங்க மேப்லயே இல்ல. கடைசியா தோவாளை பூச்சந்தைன்னு சொன்னதும்தான் இடம் புரிஞ்சது. நண்பனுக்குக் கால் எலும்பு முறிவு, வேற ஒண்ணும் இல்ல. ஆனா அந்தச் சில நிமிஷத்துல அவன் போட்ட சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. தப்பு கேட்டவங்க மேல இல்ல. நான் சொன்ன மூணு பதிலும் எங்க ஊர்ல மட்டும் செல்லுபடியாகிற பதில்கள்.

எங்க ஊர் பூதப்பாண்டி. தோழர் ஜீவா 1907-ல் பிறந்த ஊர். ஹைவே எங்க ஊருக்குள்ள வராது, கொஞ்சம் தெக்கே தள்ளிப் போகும். பாட்டாவுக்கு இந்த உலகத்துல ரெண்டே பெரிய ரோடுதான்: திருவனந்தரம் ரோடு, திருநெல்வேலி ரோடு. அவர் காலத்துல அந்த ரெண்டும் சமமான ரோடு இல்ல.

1956 நவம்பர் 1 வரைக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோட இல்ல. முதல்ல திருவிதாங்கூர் சமஸ்தானம், 1949-க்கு அப்புறம் திருவிதாங்கூர்–கொச்சி. தலைநகரம் திருவனந்தபுரம். கேரளத்துல இன்னைக்கும் சொல்ற 'எம்.சி. ரோடு', அதாவது மெயின் சென்ட்ரல் ரோடு, அங்கிருந்து வடக்கே அங்கமாலி வரைக்கும் போகுது. தெக்கே கன்னியாகுமரிக்குக் கான்கிரீட் ரோடே போட்டிருந்தாங்க. 1938-ல் சமஸ்தானமே பஸ் ஓட்டத் தொடங்கிருச்சு. பெரிய கேஸ், சர்க்கார் வேலை, மேல்படிப்பு எல்லாத்துக்கும் மேற்கேதான் போகணும். திருநெல்வேலி ரோடு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வெளியூருக்கு, சரியாச் சொன்னா வேற ராஜ்யத்துக்குப் போற ரோடு. 1809-ல் வேலுத்தம்பியோட நடந்த சண்டையில கம்பெனிப் படை உடைச்சு உள்ள வந்ததும் அந்த ஆரல்வாய்மொழிக் கோட்டையைத்தான்.

1956-க்கு அப்புறம் ரோடு அதேதான், பேரும் அதேதான். ஆனா மனு கொண்டு போறவங்க கிழக்கே திரும்ப வேண்டியதாச்சு, ஏன்னா தலைநகரம் சென்னை.

இப்ப நம்பருக்கு வருவோம். இந்த எபிசோடோட ருசியான இடமே இதுதான். பழைய என்.எச். 47 சேலத்துல புறப்பட்டு கோயம்புத்தூர், பாலக்காடு, கொச்சி, திருவனந்தபுரம், நாகர்கோவில் வழியா கன்னியாகுமரிக்கு வந்தது. பழைய என்.எச். 7 வாரணாசியில இருந்து மதுரை, திருநெல்வேலி வழியா 2,369 கிலோமீட்டர் வந்து அதே கன்னியாகுமரியில முடிஞ்சது. இந்த ரெண்டையும் நாகர்கோவிலுக்கும் காவல்கிணறுக்கும் நடுவுல இணைச்ச துண்டுதான் 47 பி. பேரைக் கவனிங்க. எங்க திருநெல்வேலி ரோடு, கணக்குல திருவனந்தபுரம் ரோட்டோட பிள்ளை!

2010-ல் நாடு முழுக்க நம்பரை மாத்தினாங்க. வடக்கு–தெற்கு ரோடுன்னா இரட்டைப்படை, கிழக்கு–மேற்குன்னா ஒற்றைப்படை. கிளைச் சாலைக்கு, தாய்ச் சாலை நம்பருக்கு முன்னாடி ஒரு இலக்கம். 7 போய் 44 ஆச்சு. 47 உடைஞ்சு 544, 66 ஆச்சு. 47 பி? 944. அதாவது 44-ஓட கிளை. தாலுகாக்கள் கை மாறி அம்பது வருஷத்துக்கு மேல ஆன பிறகு, அந்தத் துண்டு ரோடும் தமிழ்நாட்டுப் பக்கத்துச் சாலையோட பிள்ளையா மாறிருச்சு. எல்லை மாறினப்ப எங்க ஊர்ல எவ்வளவோ பேச்சு. நம்பர் மாறினது ஒருத்தருக்கும் தெரியாது.

சென்னைவாசிகள் சிரிக்க வேண்டாம். நீங்க ஜி.எஸ்.டி. ரோடுன்னு சொல்றது வெள்ளைக்காரன் வச்ச கிராண்ட் சதர்ன் டிரங்க். வரி இல்ல. ஓ.எம்.ஆருக்கு ராஜீவ் காந்தி சாலைன்னு பேர் வச்சும் அது ஓ.எம்.ஆர்.தான்.

நம்பர் ஒட்டின இடமும் உண்டு. யாழ்ப்பாணத்துல பெரிய ரோட்டையும் 'வீதி'ன்னுதான் சொல்வாங்க. கண்டிக்குப் போற ரோடு அங்க கண்டி வீதி. ஆனா அதே ரோடு 2002 போர்நிறுத்தத்துல திறந்து, 2006 ஆகஸ்டுல மூடி, 2009-ல் மறுபடி திறந்தப்போ, அது எல்லார் வாயிலயும் 'ஏ-9'. திறந்திருக்கா மூடியிருக்கான்னு தினமும் கேட்க வேண்டி வந்தா நம்பர் தானா மனசுல நிக்கும்.

தெக்கத்திப் பேப்பர்கள்ல இன்னொரு பேர் பார்த்திருப்பீங்க: 'நாற்கரச் சாலை'. நாற்கரம்னா நாலு பக்க உருவம். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைச்ச தங்க நாற்கரத்துக்கு வச்ச பேர் அது. அந்த நாற்கரம் எங்க பக்கம் வரவே இல்ல. பேர் மட்டும் வந்துருச்சு. 'நாலு வழி'ன்னு அர்த்தம் மாறி, இப்ப கன்னியாகுமரி வரைக்கும் ஓடுது. எனக்கு இந்தத் தப்பு ரொம்பப் பிடிக்கும்.

அந்த ராத்திரிக்கு அப்புறம், போற வழியில மஞ்சள் தலை வச்ச கிலோமீட்டர் கல்லைப் பார்த்து நம்பரைச் சொல்லிப் பழகுறேன். அப்பாகிட்டயும் சொன்னேன், "இனி யாரும் கேட்டா 944-ன்னு சொல்லுங்கப்பா."

"அது எங்க மக்கா இருக்கு?"

"நம்ம திருநெல்வேலி ரோடுதான்ப்பா."