சிறைக்கூடத்திலிருந்து வந்த கடிதம்

சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று பொறுப்பாளர்கள் கேட்டபொழுது, பாண்டியர் காலத்தைப் பற்றியோ பாளையக்காரர்களைப் பற்றியோ எழுதலாமென்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் பல ஆண்டுகளாக என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு தாயின் கேள்வி அதற்கு இடந்தரவில்லை.

அப்பொழுது நான் சிவகாசிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் ஆசிரியனாக இருந்தேன். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் திருவிழாத் தகராறு ஒன்றில் கைதாகிக் காவலில் வைக்கப்பட்டான். அவன் தாய் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும் வேலை செய்துவந்தவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மனுப்போட்டு மகனைப் பார்த்துவிட்டு, மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். உணவு சரியில்லையென்று, பார்வையிட வந்த அதிகாரியிடம் பையன் வாய்திறந்து சொல்லியிருக்கிறான். அன்றிரவே அவனை அடித்திருக்கிறார்கள். ஒரு காது கேட்கவில்லையாம்.

“சார், மேலே எழுதிப்போட்டா கேப்பாங்களா? இல்ல, எழுதினதுக்காக இன்னும் அடிப்பாங்களா?” என்று கேட்டார்.

நான் பி.ஏ., பி.எட். படித்தவன், வரலாறு கற்பிப்பவன். “பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா, ஜாமீன் கிடைத்துவிடும்” என்று மட்டுமே சொல்லியனுப்பினேன். அடுத்த மாதம் ஜாமீன் கிடைத்தது. அந்தக் காது மட்டும் திரும்பவில்லை. அவருடைய கேள்விக்கு இந்நாட்டு வரலாற்றிலேயே விடை இருந்தது என்பதை நான் பிற்பாடுதான் படித்தறிந்தேன். காலங்கடந்த அந்த விடையே இக்கட்டுரை.

மதிலுக்குள் சட்டம் நுழையாத காலம்

நம் நாட்டுச் சிறைகளை நெடுங்காலம் ஆண்டுவந்தது ஆங்கிலேயர் இயற்றிய 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம். கண்காணிப்பாளரே குற்றஞ்சாட்டுபவர்; அவரே விசாரிப்பவர்; தண்டனை தருபவரும் அவரே. கசையடியும் கால்விலங்கும் அச்சட்டத்தில் இடம்பெற்றிருந்தன. 1908ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்ததை நாம் பாடநூலில் படிக்கிறோம். வழக்கறிஞரான அவருக்கே அக்கதி என்றால், எழுத்தறியாத ஏழைக் கைதியின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

நாடு விடுதலை பெற்ற பின்னும் அந்தப் பழைய சட்டமே நீடித்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சென்னை மத்திய சிறையில் மிசாக் கைதிகள் கொடுமையாகத் தாக்கப்பட்டனர். அங்கே அடிபட்டவர்களுள் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். பின்னர் நீதிபதி எம்.எம்.இசுமாயில் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு அச்சிறை நிகழ்ச்சிகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஆனால் அடிபட்ட நாளில் அவர்கள் முறையிடத்தக்க கதவு ஏதும் திறந்திருக்கவில்லை. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுச் செய்ய இயலாதென்று 1976ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. அத்தீர்ப்பு தவறென்று அதே நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு வெளிப்படையாக ஒதுக்கித் தள்ளியது.

ஒரு மரண தண்டனைக் கைதியின் துணிவு

இந்த இருளில் முதல் விளக்கேற்றியவர் தலைவருமல்லர், தியாகியுமல்லர். தில்லி திகார் சிறையில் கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா என்னும் கைதி அவர். தூக்குக் கைதியென்ற ஒரே காரணத்துக்காகத் தம்மைத் தனிமைச் சிறையில் வைத்திருப்பது முறையன்றென்று அவர் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். 1978ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு ஆயம் அவர் கூற்றை ஏற்றது. சிறைக்குள் சென்றுவிட்டதனால் ஒருவனுடைய அடிப்படை உரிமைகள் வாயிலிலேயே கழற்றி வைக்கப்படுவதில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அதோடு கதை முடியவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டில், அதே சிறையில் வேறொரு கைதியை, பார்க்க வரும் உறவினரிடமிருந்து பணம் பறிப்பதற்காகத் தலைமைக் காவலர் ஒருவர் சொல்லத்தகாத முறையில் வதைத்தார். குருதி வழிய அந்தக் கைதி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இதையறிந்த பத்ரா, தம் கழுத்துக்கு மேல் தூக்குக் கயிறு தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலும், உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். முத்திரைத்தாள் இல்லை; வழக்கறிஞர் இல்லை; வெறுங்கடிதம். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் முதலானோர் அதனையே ரிட் மனுவாக ஏற்றுக்கொண்டு, வழக்கறிஞர்களைச் சிறைக்கே அனுப்பி உண்மையை அறிந்துவரச் செய்தனர்.

இளைஞர்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய இடம் இதுவே. செய்தி வெளிவந்ததும் உள்ளே நடந்தது என்ன? காயம் கீழே விழுந்ததால் வந்தது, தானே ஏற்படுத்திக்கொண்டது, மூலநோயால் வந்தது என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத காரணங்கள் கிளம்பின. அடிபட்டவரும் சிறை மருத்துவரும் அச்சுறுத்தலுக்கு ஆளாயினர். அந்தத் தாய் அஞ்சியது வீண் அச்சமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் உச்ச நீதிமன்றம் அந்த அச்சத்தைக் கண்டுகொண்டது. 1979ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் வந்த தீர்ப்பு, அந்தக் கைதியை எவரும் தாக்கக்கூடாதென்றும், பழிவாங்கும் எண்ணத்தோடு விலங்கு பூட்டக்கூடாதென்றும் கண்காணிப்பாளருக்கு ஆணையிட்டது. மேலும், தனிமைச் சிறை, கடின உழைப்பு, உணவுக் குறைப்பு, தண்டனையாக அமையும் வேறு சிறைக்கு மாற்றம் ஆகியவற்றை அமர்வு நீதிபதியின் பார்வைக்குக் கொண்டுசெல்லாமல் செய்யலாகாது. அவசரமென்றால் 2 நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்றது. சிறையில் புகார்ப் பெட்டி வைக்கவேண்டுமென்றும், அது மாவட்ட நடுவர் (மாஜிஸ்திரேட்), அமர்வு நீதிபதி ஆகியோரின் பொறுப்பில் இருக்கவேண்டுமென்றும் வகுத்தது. பெட்டியின் சாவி சிறைக்காரரிடம் இருந்தால் அதில் எவன் கடிதம் போடுவான்? அந்த நுட்பத்தை நீதிமன்றம் உணர்ந்திருந்தது.

பத்ராவின் கடிதம் சென்ற வழி, அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு. அரசியல் நிர்ணய சபையில் 1948ஆம் ஆண்டு டிசம்பரில் அண்ணல் அம்பேத்கர், அரசியலமைப்பின் ஆன்மாவும் இதயமும் இதுவே என்று சுட்டிக்காட்டிய பிரிவு அதுதான்.

அதன்பின் வழி அகன்றது. கைவிலங்கு பூட்டியதை எதிர்த்து ஒரு விசாரணைக் கைதி அனுப்பிய தந்தியும் வழக்காக ஏற்கப்பட்டு 1980இல் நீதி கிடைத்தது. 1968இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்றும் பீகார்ச் சிறையில் மேலும் 14 ஆண்டுகள் கிடந்த ருதுல் சா என்பவருக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் 35,000 ரூபாய் வழங்க ஆணையிட்டது. கொடுமை தவறு என்று சொன்னதோடு நில்லாமல், அரசு அதற்கு ஈடு தரவேண்டும் என்ற நிலை அப்பொழுதுதான் பிறந்தது.

அமெரிக்க நாட்டில், புகார் செய்ததற்காகப் பழிவாங்கப்பட்ட கைதி அந்த அதிகாரி மீதே நேரடியாக வழக்குத் தொடுக்கலாம். அதற்கு ஆதாரமான சட்டம் 1871ஆம் ஆண்டில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வெள்ளை வெறியரின் கொடுமையிலிருந்து காப்பதற்காக இயற்றப்பட்டதாகும். 1964இல் கறுப்பின முசுலிம் கைதி ஒருவர் தொடுத்த வழக்கின் மூலமே, அச்சட்டம் சிறைக் கதவுக்குள்ளும் செல்லுமென்பது உறுதியாயிற்று. ஒடுக்கப்பட்டோருக்காகப் பிறந்த சட்டம் பிற்காலத்தில் எல்லாக் கைதிகளுக்கும் கேடயமாயிற்று.

நம் பக்கத்துச் சிறைகள்

திகாரைப் பற்றிப் பேசிவிட்டு நம் பக்கத்தைப் பேசாது விடலாகாது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைக்கும் வழக்கம் இருந்தது. இதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், சாதி மோதலைத் தவிர்க்கவே அவ்வாறு செய்கிறோம் என்ற அரசின் விளக்கத்தை 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஏற்பாடு உயிரைக் காத்துவிடவில்லை. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் அதே சிறையில் விசாரணைக் கைதியான இளைஞர் ஒருவர் பிற கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார்.

பல மாநிலச் சிறை விதிகளில் சாதி புகுந்திருப்பதைப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா ஆராய்ந்து எழுதி, உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் தீர்ப்பு வந்தது. துப்புரவு ஒரு சாதிக்கு, சமையல் மற்றொரு சாதிக்கு என்று வேலை பிரிப்பதும், சாதிவாரியாக அடைப்பதும் அரசியலமைப்புக்கு விரோதம். சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டமே கூடாது என்று நீதிமன்றம் கூறியது. பாளையங்கோட்டை பற்றிய பழைய விளக்கத்தையும் அது ஏற்கவில்லை. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு சிறை மதிலுக்குள்ளும் செல்லுபடியாகும் என்பதை நாம் மறத்தலாகாது.

அதே 2024ஆம் ஆண்டில் வேலூரிலிருந்து மற்றொரு வழக்கு வந்தது. ஆயுள் தண்டனைக் கைதியான தம் மகனைச் சிறைத்துறை உயர் அதிகாரியின் வீட்டு வேலைக்கு வைத்து, பின்பு பணம் திருடியதாகச் சொல்லி அடித்துத் தனிமைச் சிறையில் அடைத்துவிட்டார்கள் என்று ஒரு தாய் உயர் நீதிமன்றத்தை நாடினார். நீதிமன்றம் நடுவரைக்கொண்டு விசாரிக்கச் செய்தது. பின்னர் சி.பி.சி.ஐ.டி. காவல்துறையினர் உயர் அதிகாரி உட்பட 14 பேர் மீது வழக்குப் பதிவு செய்தனர். கைதி சேலம் சிறைக்கு மாற்றப்பட்டார். குற்றம் மெய்யா என்பதை நீதிமன்றமே சொல்லவேண்டும். அது நம் வேலையன்று. ஆனால் ஒரு தாயின் மனு அத்துணை பெரிய கதவைத் தட்டித் திறந்தது என்பதை எவரும் மறுக்க இயலாது. அச்செய்தியைப் படித்த அன்று என் திண்ணையில் அமர்ந்திருந்த அந்தத் தாயை நினைத்துக்கொண்டேன்.

நாம் செய்யத்தக்கது

பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் விடியுமுன் புறப்படும் குடும்பங்கள் நம்முடையவை. நம் பிள்ளைகள் சச்சரவுகளில் சிக்காதிருக்கவேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். சிக்கிவிட்டால், குற்றம் செய்தவனாயினும் செய்யாதவனாயினும், அவனை அடிக்க எவருக்கும் உரிமையில்லை என்பதை அறிந்திருக்கவேண்டும்.

தாழ்த்தப்பட்டோர், பெண்கள், காவலில் உள்ளோர் ஆகியோர்க்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கறிஞர் உதவி இலவசம். 15100 என்னும் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். நம் மாவட்டத்தின் முதன்மை அமர்வு நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 முதல் இயங்குகிறது. மனுவில் நாள், நேரம், இடம், நடந்தது ஆகியவற்றை மிகைப்படுத்தாமல் எழுதுக. மருத்துவப் பரிசோதனை கேட்டு எழுதுக. புகார் செய்ததற்காகத் துன்புறுத்தல் நேராதபடி பாதுகாப்பு வேண்டுமென்று அதே மனுவிலேயே கேட்டுவிடுக. பதிவுத் தபாலில் அனுப்பி, படியையும் ரசீதையும் பத்திரப்படுத்துக. மனு தனி ஒருவர் பெயரில் மட்டும் போகாமல் சங்கத்தின் கடிதமும் உடன் போகட்டும். தனியாளைப் பழிவாங்குவது எளிது. பலர் கண்வைத்திருக்கும் இடத்தில் கை ஓங்கத் தயக்கம் வரும்.

எழுதினால் கேட்பார்களா, அடிப்பார்களா என்று அந்தத் தாய் கேட்டார். இரண்டும் நேர்ந்திருக்கின்றன என்பதே வரலாறு தரும் நேர்மையான விடை. ஆனால் எழுதாதிருந்த இடங்களில் அடி மட்டுமே நேர்ந்தது. இக்கல்விச் சங்கம் 25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்திருக்கிறது. அந்த எழுத்து, வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதோடு நின்றுவிடலாகாது. அடுத்த முறை ஒரு தாய் கட்டை அடுக்கிய கைகளோடு வந்து திண்ணையில் அமரும்பொழுது, “பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று நான் சொன்னதைச் சொல்லாமல், “உட்காருங்கள் அம்மா, எழுதுவோம்” என்று சொல்லக்கூடிய ஓர் இளைஞராவது தெருவுக்கு ஒருவர் இருத்தல் வேண்டும். அதுவே இவ்வெள்ளிவிழாவுக்கு உண்மையான சிறப்பாகும்.